புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்? பினாங்கு ஓடைகளும் கேடிஸ் பூச்சிகளும்

மழைவிட்ட இரவில் ஆயர் ஈத்தாம் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் வாசல் விளக்கைச் சுற்றும் பூச்சிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்துப்பூச்சி என்று நினைத்து மறுநாள் காலையில் நாம் கூட்டித் தள்ளுகிறவற்றில் சில அந்துப்பூச்சிகளே அல்ல. நிறம் மங்கலான பழுப்பு அல்லது கறுப்பு. நான்கு சிறகுகளையும் உடலின் மேல் கூரையாகச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். நூல் மாதிரி மெலிந்த உணர்கொம்புகள் முன்னோக்கி நீண்டிருக்கும். அந்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் செதில்பொடி ஒட்டும். இதன் சிறகில் செதிலுக்குப் பதில் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். இவைதான் கேடிஸ் பூச்சிகள்.

இந்தப் பூச்சிகளைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் எழுதவில்லை. ஆனால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள், தாவரவியல் பூங்காவில் காலை நடைக்குப் போகிறவர்கள், விடுமுறையில் பிள்ளைகளை அருவிக்குக் கூட்டிப் போகிறவர்கள் எல்லாரும் இவற்றின் வீட்டு வாசலுக்குத்தான் போய் வருகிறார்கள். ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் இவற்றின் இளம்புழுக்கள் இருக்கும். சில இனங்கள் மணலையும் இலைத்துண்டுகளையும் பட்டால் ஒட்டிக் கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே நகரும். சில கற்களுக்கிடையில் வலை விரித்துத் தண்ணீரில் வருவதை வடித்து உண்ணும். இவற்றின் பட்டு தண்ணீருக்கடியிலேயே ஒட்டும். அதன் புரதத்தில் பாஸ்பேட் சேர்ந்து கால்சியத்தோடு பிணைந்திருப்பதுதான் காரணம். பட்டுப்புழுவுக்கும் இதற்கும் உள்ள உறவு தற்செயலானதில்லை: வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் அடங்கிய வரிசைக்கு (பல குடும்பங்கள் சேர்ந்த பெரும்பிரிவுக்கு) மிக நெருங்கிய உடன்பிறப்பு வரிசை கேடிஸ் பூச்சிகள்தாம். உலகில் இதுவரை ஏறக்குறைய 17,000 இனங்களுக்குப் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் இல்லாதவை எத்தனையோ, அவற்றில் பெரும்பங்கு நம்மைப் போன்ற வெப்பமண்டல மலை ஓடைகளில் இருக்கின்றன.

"காட்டில் புதிய பூச்சி கண்டுபிடிப்பு" என்று செய்தி வரும்போது, யாரோ ஒருவர் காட்டுக்குள் போய் முன்பின் பார்த்திராத ஒன்றைப் பார்த்து வியந்து நின்றதாக நம் மனத்தில் ஒரு படம் எழும். யானையளவு விலங்காக இருந்தால் அப்படி நடக்கலாம். ஐந்தாறு மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்புப் பூச்சியில் அது நடக்காது. பிடித்தவருக்கே அது புதியது என்று பெரும்பாலும் தெரியாது. பிடித்துப் பல ஆண்டுகள் கழித்து, மைக்ராஸ்கோப்பின் கீழ், வயிற்றின் கடைசி இரண்டு கண்டங்களை, அதாவது வளையம் போன்ற பகுதிகளை, பார்க்கும்போதுதான் அந்தக் கேள்வியே பிறக்கும்: இது ஏற்கெனவே பெயருள்ளதா, இல்லையா? அந்தக் கேள்விக்கு உடற்கூற்றை வைத்து எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். அறிவியலில் இவ்வளவு வெளிப்படையாக, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி செய்யப்படும் வேலைகள் குறைவு. நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

பிடிப்பது எளிய பகுதி. மாலை இருட்டியதும் ஓடைக்கரையில் வெள்ளைத் துணி கட்டி, புறஊதா விளக்கு ஏற்றினால் அவையே வந்து உட்காரும். 70 முதல் 80 விழுக்காடு எத்தனாலில் போட்டு வைப்பார்கள். அதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். மலேசியாவில் உயிரியல் வளங்களை ஆய்வுக்கு எடுப்பதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, காட்டுக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி தனி. பிடித்த இடம், உயரம், நாள், பிடித்தவர் ஆகியவற்றைச் சிறு காகிதத்தில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். இந்தச் சீட்டு இல்லாத பூச்சிக்கு அறிவியலில் மதிப்பே கிடையாது.

பிறகு மேசை. தலையிலிருந்து தொடங்குவார்கள். நெற்றியில் மூன்று தனிக்கண்கள் இருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. கூட்டுக்கண்கள் எல்லாவற்றுக்கும் உண்டு, ஆனால் இந்தச் சிறு தனிக்கண்கள் சில குடும்பங்களில் மட்டுமே உண்டு. அடுத்து வாயருகே தொங்கும் தாடை உணர்விரல்கள். அவற்றில் எத்தனை கண்ணிகள், கடைசிக் கண்ணி நீண்டு வளையம் வளையமாக வளையக்கூடியதா? தலையிலும் மார்பிலும் மயிர் முளைக்கும் மேடுகள் எந்த வடிவில், எந்த இடத்தில்? பிறகு கால்கள். கால்களில் டிபியா என்ற பகுதியில் அசையும் முட்கள் உண்டு. முன்கால், நடுக்கால், பின்கால் என்ற வரிசையில் அவற்றை எண்ணி 2-4-4, 1-4-4 என்று ஒரு சூத்திரமாக எழுதுவார்கள். கடைசியாகச் சிறகு. மயிரை நீக்கிவிட்டு நரம்புகள் எங்கே கவை பிரிகின்றன, நடுவில் உள்ள அறை மூடியதா திறந்ததா என்று பார்ப்பார்கள். கவைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுக்கும் வழக்கம் உண்டு.

எடுத்துக்காட்டுக்கு, நம் மலை ஓடைகளில் ஏராளமாகக் கிடைக்கும் சிமாரா என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்கள் பல அடங்கிய தொகுதியை) எடுத்துக்கொள்வோம். தனிக்கண்கள் இருக்கின்றன, தாடை உணர்விரலின் ஐந்தாம் கண்ணி நீண்டு வளைகிறது. இதிலேயே பூச்சி ஃபிலோபொட்டாமிடே குடும்பத்தின் பக்கம் வந்துவிடும். காலில் முட்கள் 1-4-4 என்றால் சிமாராவை நோக்கியே கை போகும், சிறகு நரம்புகள் அதை உறுதி செய்யும். இவற்றின் இளம்புழு கல்லுக்கடியில் காலுறை போன்ற ஒரு பட்டுப் பையைக் கட்டி அதற்குள் வாழும். இந்தக் குடும்பத்தின் வலைகளில் சிலவற்றின் கண் அகலம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. உயிரினங்கள் நெய்யும் வலைகளில் இவ்வளவு நுண்ணியவை அரிது.

இதுவரை வந்தது பேரினம் மட்டுமே. சிமாராவில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. தலை, கால், சிறகு எல்லாம் அவற்றில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இனத்தைப் பிரிப்பது ஆணின் இனப்பெருக்க உறுப்பு.

அதைப் பார்ப்பதற்கு வயிற்றின் பின்பகுதியை வெட்டியெடுத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து மெல்லச் சூடாக்குவார்கள், அல்லது சூடாக்காமல் இரவு முழுக்க ஊற விடுவார்கள். அண்மைக்காலமாக லாக்டிக் அமிலமும் பயன்படுகிறது. தசையும் கொழுப்பும் கரைந்து போகும். கைட்டினாலான கூடு மட்டும் கண்ணாடித்தன்மையோடு நிற்கும். அதைக் கிளிசரின் சொட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளியாக இருந்தது தகடுகளும் மடல்களும் முட்களும் கொண்ட நுட்பமான அமைப்பாக விரியும். முதன்முதல் பார்க்கிறவர்கள் சற்று நேரம் பேச மாட்டார்கள். அவ்வளவு அழகு அதில் இருக்கிறது.

ஒன்பதாம் கண்டம் ஒரு வளையம். பக்கவாட்டில் அதன் முன் ஓரம் நேராக இருக்கிறதா, முன்னோக்கிப் புடைத்திருக்கிறதா, அடிப்புறத்தில் ஒரு நீட்சி உண்டா என்று பார்க்க வேண்டும். பத்தாம் கண்டம் மேற்புறத்தில் பெரும்பாலும் இரண்டு மடல்களாகப் பிளந்திருக்கும். அதன் பக்கத்தில் காது வடிவில் சிறு இணையுறுப்புகள். கீழே இடமும் வலமுமாகப் பற்றுறுப்புகள், கலவியின்போது பெண்ணைப் பிடித்துக்கொள்பவை. சிமாராவில் இவற்றுக்கு ஒரே கண்ணிதான். வேறு பல குடும்பங்களில் இரண்டு. பற்றுறுப்பின் நுனி மேல்நோக்கி வளைகிறதா, அகன்றதா குறுகியதா, உட்புறத்தில் பல் உண்டா? நடுவில் ஆண்குறிக் குழாய். அதற்குள் மடிந்து கிடக்கும் சவ்வில் முட்கள் இருக்கின்றனவா, ஒன்றா இரண்டா, இரண்டும் ஒரே நீளமா? ஓர் இனத்தையும் அதற்கு நெருங்கிய இன்னோர் இனத்தையும் பிரிப்பது சில சமயம் இந்த ஒரு முள்ளாகவே இருக்கும்.

ஏன் இந்த உறுப்பில் மட்டும் இவ்வளவு வேறுபாடு? லியோன் டுஃபூர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1844இல் ஒரு விளக்கம் சொன்னார்: ஆணின் உறுப்பு சாவி, பெண்ணின் உறுப்பு பூட்டு, ஓரினத்தின் சாவி இன்னோர் இனத்தின் பூட்டில் பொருந்தாது என்று. நூறாண்டுக்கும் மேல் இந்தக் கருத்து செல்வாக்கோடு இருந்தது. பல பூச்சிகளில் பெண்ணின் உறுப்பு அந்த அளவுக்குக் கறாரான பூட்டாக இல்லை என்பது பிறகு தெரிந்தது. வில்லியம் எபர்ஹார்ட் 1985இல் எழுதிய நூலுக்குப் பின், பெண் எந்த ஆணின் விந்தைப் பயன்படுத்திக்கொள்கிறது என்ற தேர்வுதான் இந்த உறுப்புகளை வேகமாக மாற்றிக்கொண்டே போகிறது என்ற விளக்கம் வலுப்பெற்றது. காரணம் எதுவானாலும் பயன் ஒன்றே. உடம்பின் மற்றப் பகுதிகள் மாறாமல் நிற்கும்போதும் இது மாறிவிடுகிறது. ஐரோப்பியக் கேடிஸ் பூச்சிகளைப் பற்றி ராபர்ட் மெக்லாக்லன் 1874 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூலிலிருந்தே இனம் பிரிப்பதற்கு இந்த உறுப்பின் படங்கள் அடிப்படையாகிவிட்டன.

படம் என்றேன். அது புகைப்படம் இல்லை, கையால் வரைவது. மைக்ராஸ்கோப்போடு பொருத்திய வரைகுழாய் வழியாகப் பென்சிலில் வரைந்து, பிறகு மையிலோ கணினியிலோ கோடு போடுவார்கள். இடப்பக்கத் தோற்றம், மேல்தோற்றம், அடித்தோற்றம், ஆண்குறி தனியாக என்பது வழக்கம். எல்லாரும் ஒரே கோணத்தில் வரைந்தால்தான் 1913இல் வந்த படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட முடியும். புகைப்படத்தில் ஒரு தளம் தெளிவாக இருந்தால் மற்றது மங்கும். மேலே கிடக்கும் தகடும் அடியில் தெரியும் முள்ளும் ஒன்றின்மேல் ஒன்று கலந்து தெரியும். வரைகிறவர் எது எதற்குமேல் இருக்கிறது என்று ஊசியால் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிவு செய்தாக வேண்டும். என் பார்வையில் இந்த முழு வேலையிலும் கடினமானது இதுதான். வரைந்து முடித்த பிறகே பலருக்குத் தாம் பார்த்தது என்னவென்று உண்மையில் புரிகிறது.

அடுத்தது ஒப்பீடு, பொறுமையைச் சோதிக்கும் கட்டம். நம் வட்டாரத்துக்கு இரண்டு பெரிய ஆதாரங்கள் தவிர்க்க முடியாதவை. ஒன்று ஹம்பர்க்கைச் சேர்ந்த கேயோர்க் உல்மர் 1951இல் வெளியிட்ட சுந்தாத் தீவுகளின் கேடிஸ் பூச்சிகள் பற்றிய ஆய்வு. 1928, 1929ஆம் ஆண்டுகளில் ஜாவா, சுமத்ரா, பாலித் தீவுகளின் நன்னீர்நிலைகளை ஆராய்ந்த ஜெர்மானியப் பயணம் சேகரித்த பூச்சிகள் அதற்குப் பெரும் அடிப்படை. மற்றொன்று ஆஸ்திரியாவின் ஹான்ஸ் மாலிக்கி 2010இல் சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளியிட்ட தென்கிழக்கு ஆசிய அட்லஸ். பக்கத்துக்குப் பக்கம் ஆண் உறுப்புகளின் கோட்டுப் படங்கள். அதில் தம் பூச்சியைத் தேடுகிறவர் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, இது இல்லை என்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். படம் தெளிவில்லை என்றால், முதலில் பெயர் வைத்தபோது அடிப்படையாக இருந்த மூல மாதிரியையே பார்க்க வேண்டும். அதுவோ லண்டனிலோ ஹம்பர்க்கிலோ இருக்கும். ஹம்பர்க் விலங்கியல் அருங்காட்சியகத்தின் கட்டடம் 1943 குண்டுவீச்சில் அழிந்தது. மலாயாவின் பூச்சியைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை ஐரோப்பாவில் ஒரு புட்டிக்குள் இருப்பதும், ஒரு போர் அதற்குக் குறுக்கே வருவதும் நம் காலனி வரலாற்றின் நேரடி விளைவு. இன்று பூச்சி நம் நாட்டிலேயே பாதுகாக்கப்பட வேண்டும் என்று நம் ஆய்வாளர்கள் வலியுறுத்துவது முழுக்க நியாயம்.

ஒப்பீட்டில் இன்னொரு சிக்கல் இயல்பான வேறுபாடு. ஒரே ஓடையில் ஒரே இரவில் பிடித்த இருபது ஆண்களில் பற்றுறுப்பின் நுனி கொஞ்சம் கூடக்குறைய வளைந்திருக்கலாம். கரைசலில் அதிக நேரம் ஊறினாலும் மடல்கள் விரிந்து வடிவம் மாறியதுபோல் தெரியும். அதனால் ஒரே பூச்சியை வைத்து முடிவு கட்டாமல், முடிந்தவரை பலவற்றைப் பார்த்து, எந்த வேறுபாடு எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கிறது, எது இடைநிலை இல்லாமல் அறவே பிரிந்து நிற்கிறது என்று தேட வேண்டும். முள் உண்டு, முள் இல்லை என்பது வலுவான சான்று. முள் சற்றே நீளம் என்பது பலவீனமானது. அப்படிப்பட்ட சான்று மட்டும் கையில் இருந்தால் காத்திருப்பதே மேல் என்பது என் கருத்து.

பிறகுதான் எழுத்து. விலங்குகளின் பெயர்களை ஆளும் அனைத்துலக விதித்தொகுப்பு 1758ஆம் ஆண்டு லின்னேயஸின் நூலைத் தொடக்கமாகக் கொண்டது. 1930க்குப் பிறகு வரும் பெயர்களுக்கு அது ஒரு நிபந்தனை வைக்கிறது: இந்த இனத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் பண்புகள் என்று ஆசிரியர் கருதுபவை சொற்களில் எழுதப்பட்டிருக்க வேண்டும். படம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அது மட்டும் போதாது. ஆகவே கட்டுரையின் உயிர் 'வேறுபடுத்தல்' என்ற சிறு பத்தியில் இருக்கிறது. இந்த இனத்துக்கு மிக நெருங்கியது இன்னது, அதில் ஆண்குறி முட்கள் இரண்டு, இதில் ஒன்று, அதில் பற்றுறுப்பின் நுனி வட்டம், இதில் கூர்மை என்று வெறும் நாலைந்து வரிகள். ஆசிரியர் தம்மை மறுப்பதற்கான வழியைத் தாமே அச்சிட்டுக் கொடுக்கிறார் என்றே நான் இதைப் படிக்கிறேன். நாளை இன்னொருவர் அந்த இரண்டுக்கும் நடுவே முழு வரிசையாக இடைநிலைகளைக் காட்டிவிட்டால், புதிய பெயர் பழைய பெயருக்குள் ஒடுங்கிவிடும். முந்தி வந்த பெயரே நிற்கும்.

ஒரே ஒரு ஆண் பூச்சி ஹோலோடைப் என்று குறிக்கப்படும். பெயர் அந்த உடலோடு என்றென்றும் கட்டப்பட்டது. மற்றவை பாராடைப். எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். பெயர் இலத்தீன் எழுத்துகளில் அமைய வேண்டும். ஊரின் பெயரையோ பூச்சியின் பண்பையோ மதிக்கும் ஒருவரையோ வைத்து அதை அமைக்கலாம். பொதுமக்களுக்குச் சுவையாகப் படுவது இந்தப் பெயர்சூட்டல்தான் என்றாலும், வேலையில் மிக எளிய பகுதியும் அதுவே.

இப்போது டிஎன்ஏ இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். 2003 முதல் பால் ஹெபர்ட் முன்வைத்த முறையில், ஒரே மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட துண்டைப் படித்து இனங்களைப் பிரிக்கிறார்கள். அதை வைத்து 2021இல் கோஸ்டா ரிக்காவின் ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 இனங்களை ஒரே கட்டுரையில், உடற்கூற்று விளக்கம் மிகக் குறைவாக, பெயரிட்டபோது வகைப்பாட்டு அறிஞர்களிடையே கடும் வாக்குவாதம் எழுந்தது. அழிவு வேகமாக நடக்கிறது, பெயர் வேகமாக வேண்டும் என்கிறவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உடற்கூற்று விளக்கத்தைக் கைவிடக் கூடாது. டிஎன்ஏ வரிசையைப் படிக்க ஆய்வகமும் பணமும் வேண்டும். ஆண்குறி முள்ளைப் பார்க்கப் பள்ளியில் இருக்கும் மைக்ராஸ்கோப்பே பல நேரம் போதும். நூறாண்டுக்கு முன் பெயரிடப்பட்ட பூச்சிகளில் பலவற்றுக்கு டிஎன்ஏ எடுக்கப்படவே இல்லை, அவற்றோடு ஒப்பிட உடல் ஒன்றே பொதுவானது. இரண்டும் ஒத்துப்போகும்போது முடிவு உறுதியாகிறது. ஒத்துப்போகாதபோது அங்கே உண்மையிலேயே சுவையான ஏதோ ஒன்று இருக்கிறது.

இது நமக்கு ஏன் வேண்டும்? தாவரவியல் பூங்காவின் ஓடையான சுங்கை ஆயர் தெர்ஜூன், நகருக்குள் சுங்கை பினாங்கோடு சேர்கிறது. மேலே தெளிந்த நீர், கீழே சுங்கை பினாங்கு எப்படி இருக்கிறது என்பதை ஜார்ஜ்டவுன்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவின் நீர்த்தரக் குறியீடு கரைந்த ஆக்சிஜன், அமிலத்தன்மை, அம்மோனியா, மிதக்கும் துகள்கள் முதலிய ஆறு அளவுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மாதிரி எடுத்த அந்த வேளையில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதை அது சொல்லும். கல்லுக்கடியில் மாதக்கணக்கில் வாழும் புழுவோ, நேற்றிரவு யாராவது எதையாவது கொட்டியிருந்தால் அதையும் தாங்கியிருக்க வேண்டும். அதனால்தான் உலகெங்கும் மேஃபிளை, கல்பூச்சி, கேடிஸ் பூச்சி ஆகிய மூன்று வரிசைகளையும் எண்ணி ஓடையின் நலத்தை மதிப்பிடுகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களிலும் இந்த ஆய்வுகள் நடக்கின்றன.

ஆனால் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் குடும்ப அளவிலோ பேரின அளவிலோ நின்றுவிடுகிறது. ஒரே குடும்பத்துக்குள் சில இனங்கள் ஓரளவு அசுத்தத்தைத் தாங்கும், சில சேறு கலந்த முதல் வாரத்திலேயே மறைந்துபோகும். வலை கட்டும் ஹைட்ரோசைக்கிடே குடும்பத்தில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். குடும்பப் பெயரை மட்டும் எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். 2021இல் பினாங்கு மலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. அதன் ஓடைகளில் என்னென்ன வாழ்கின்றன என்பதற்குப் பெயர்ப் பட்டியல் இருந்தால்தான், இருபது ஆண்டு கழித்து எது போய்விட்டது என்று சொல்ல முடியும். கோலாலம்பூருக்கு அருகில் கோம்பாக் ஆற்றை ஆராய்ந்து ஜான் பிஷப் 1973இல் வெளியிட்ட நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள் என்றால், அப்போது இருந்தது இன்னது என்று அதில் எழுதி வைத்திருப்பதுதான் காரணம்.

இங்கே ஒரு பெரிய இடைவெளி நிரம்பாமல் கிடக்கிறது. பெயர் வைப்பது ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பார்த்து. ஓடையின் நலத்தை மதிப்பிடுகிறவர் கையில் கிடைப்பதோ இளம்புழு. தென்கிழக்கு ஆசியாவில் பெயருள்ள கேடிஸ் இனங்களில் பெரும்பாலானவற்றின் இளம்புழு எது என்று இன்னும் விவரிக்கப்படவில்லை. டிஎன்ஏ இங்கே பெரிய உதவி: புழுவின் டிஎன்ஏ வரிசையும் ஆணின் டிஎன்ஏ வரிசையும் ஒன்றென்றால் இரண்டும் ஒரே இனம். அதற்கு முன்பே உடற்கூற்றாளர்கள் கண்ட வழியும் இன்றும் பயன்படுகிறது. புழு கூட்டை மூடிக்கொண்டு கூட்டுப்புழுவாக மாறும்போது, அதன் பழைய தோலின் கெட்டியான தகடுகள் பல குடும்பங்களில் அந்தக் கூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். முதிர்ந்த ஆண் கூட்டுப்புழுவின் மெல்லிய தோலுக்கடியில், வெளிவரத் தயாராக இருக்கும் பூச்சியின் பற்றுறுப்புகள் முழுமையாகத் தெரியும். ஒரே கூட்டைப் பிரித்தால் புழுவின் தலைத்தகடும் ஆணின் இனப்பெருக்க உறுப்பும் ஒருசேரக் கிடைக்கின்றன. கற்களில் ஒட்டியிருக்கும் மூடிய கூடுகளைத் தேடி, அவற்றில் முதிர்ந்த ஆண் இருக்கும் கூட்டைக் கண்டுபிடிக்கும்வரை பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அனுமதியும் நுண்ணிய இடுக்கியும் ஓரளவு நல்ல மைக்ராஸ்கோப்பும் உள்ள எந்த இளங்கலை மாணவரும் பினாங்கு மலையிலோ உலு கோம்பாக்கிலோ இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை இது.